நெல்லும் மூச்சு விடும்

மாணவர்களே, வீட்டு அரிசி டின்னைத் திறந்ததும் கறுப்பு வண்டு ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். அம்மா அரிசியைப் புடைத்து வெயிலில் காய வைப்பார். அதே வண்டு, பல டன் நெல் குவிந்துள்ள கெடா கிடங்கு ஒன்றில் புகுந்தால் என்ன செய்வது? அங்கே முறம் போதாது. தானியச் சேமிப்பு ஆலோசகர் வேண்டும்.

அறுவடைக்குப் பிறகும் நெல் உயிருள்ள விதைதான். அது உயிர்வளியை எடுத்துக்கொண்டு கரிவளி, நீராவி, வெப்பம் ஆகியவற்றை வெளியிடும். வயலிலிருந்து வரும் நெல்லில் 20 முதல் 25 விழுக்காடு ஈரம் இருக்கலாம். அதைச் சுமார் 14 விழுக்காட்டுக்குக் குறைத்த பிறகே சேமிக்க வேண்டும். ஈரம் மிகுந்தால் நெல் வேகமாக மூச்சு விடும். நெற்குவியல் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் உள்ளே சூடு ஏறிப் பூஞ்சணம் பிடிக்கும். மேலே கைவைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது.

வண்டும் அப்படித்தான். பெண் கூன்வண்டு அரிசியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டுத் துளையை மூடிவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளிவரும். நம் கண்ணில் படும்போது சேதம் நடந்து முடிந்திருக்கும்.

இதை முன்கூட்டியே அறியக் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் எளிய பொறி ஒன்றை உருவாக்கியது. அது 2 மில்லிமீட்டர் துளைகள் கொண்ட குழாய். தானியத்துக்குள் அதைச் செருகி வைத்தால், காற்றிடத்தைத் தேடி வரும் வண்டுகள் துளை வழியே உள்ளே விழும். மீண்டும் ஏற முடியாது.

ஆலோசகரின் வேலை இதுதான்: ஈரத்தையும் வெப்பத்தையும் அளப்பது, பூச்சிகளை எண்ணுவது, உலர்த்துவதா காற்றோட்டம் கொடுப்பதா என்று முடிவு செய்வது. ஆள் பாதுகாப்பும் அவர் பொறுப்பே. பூச்சிகளைக் கொல்லும் பாஸ்பீன் வாயு மனிதரையும் கொல்லும். பயிற்சி பெற்றவர் மட்டுமே அதைக் கையாளலாம். தானியம் இறங்கிக்கொண்டிருக்கும் கோபுரக் கிடங்கில் கால் வைத்தால், புதைமணல் போல நொடிகளில் ஆளை இழுத்துவிடும்.

இத்துறையில் ஓர் ஆய்வுக்கூடம் பெரிய நிறுவனமாக வளர்ந்த கதை உண்டு. காவிரிப் படுகையில் குறுவை அறுவடையின்போதே மழை வந்து நெல்லை நனைத்துவிடும். 1967இல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் தொடங்கிய சிறிய தரக்கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடம், ஈர நெல்லைக் காக்கும் ஆய்வில் வளர்ந்தது. இன்று அது தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பப் பட்டங்கள் வழங்கும் தேசிய நிறுவனம்.

நம் நாட்டிலும் வழி உண்டு. 1931இல் வேளாண் பள்ளியாகப் பிறந்த செர்டாங் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கலாம். 1969இல் அமைந்த மார்டி நெல் ஆராய்ச்சி செய்கிறது. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கும் இத்துறைக்குக் கைகொடுக்கும்.

இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு அரிசியும் சில கரண்டி உலர்ந்த உப்பும் போட்டு, மூடி, ஒரு நிமிடம் குலுக்குங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். உப்பு போத்தலின் சுவரில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல். அந்த அரிசி நெடுநாள் தாங்காது. ஒட்டாவிட்டால் நல்லது. ஆலோசகர் கிடங்கில் முதலில் கேட்கும் கேள்விக்கு நீங்களே விடை கண்டுவிட்டீர்கள்.