வழங்கலும் திரைச்சூழலும்: தேர்வின் ஒழுங்கு

கணினியின் வன்பொருளுக்கும் அதன்மேல் இயங்கும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று, நினைவகத்தையும் செயலியின் உழைப்பையும் பங்கிட்டுத் தரும் அடிப்படை நிரல் கருவகம் எனப்படும். 1991-ஆம் ஆண்டில் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினசு டோர்வால்டுசு எழுதத் தொடங்கிய லினக்சு அத்தகைய கருவகமே; முழு இயங்குதளம் அன்று. அதனோடு குனூ திட்டத்தின் கருவிகளையும், ஆயிரக்கணக்கான மென்பொதிகளையும், அவற்றை நிறுவவும் நீக்கவும் வல்ல பொதி மேலாளரையும் ஒருங்கு சேர்த்து அளிப்பது வழங்கல். சாளரம், பணிப்பட்டை, கோப்பு உலவி எனக் கண்ணுக்கும் கைக்கும் புலனாவனவற்றின் தொகுதி திரைச்சூழல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே தேர்வில் மயக்கம் பிறக்கிறது.

வழங்கல்களைப் பெயரால் எண்ணினால் நூற்றுக்கணக்கில் விரியும். புதுப்பிக்கும் முறையால் வகுத்தால் சிலவற்றுள் அடங்கும். 1993-இல் தோன்றிய டெபியன், பொதிகளை நெடிது ஆய்ந்து, ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை நிலைத்த பதிப்பை வெளியிடுகிறது. இடைப்பட்ட நாள்களில் திருத்தங்கள் வருமன்றிப் புதுமைகள் பெரும்பாலும் வாரா. டெபியன்வழிப் பிறந்த உபுண்டுவும், உபுண்டுமேல் எழுந்த லினக்சு மின்டும் இந்நெறியைத் தழுவியவை. பெடோரா ஆறு திங்களுக்கு ஒரு பதிப்புத் தருகிறது. ஆர்ச்சோ பதிப்பு என்னும் வரம்பையே துறந்து, புதுப்பொதிகளை இடையறாது அளிக்கிறது. மடல் எழுதவும் பிள்ளைகள் படிக்கவும் அமைந்த வீட்டுக் கணினிக்கு நிலைத்த வழங்கலே தக்கது. நேற்று இயங்கிய அச்சுப்பொறி இன்றும் இயங்கவேண்டும் என்பதே அங்கு முதல் நெறி. அண்மையில் வந்த மடிக்கணினியின் கம்பியில்லா இணைப்புச் சில்லைப் பழைய கருவகம் அறியாதிருப்பின், அப்போது பெடோராவை நாடலாம்.

திரைச்சூழல்களின் வரலாறு கட்டற்ற மென்பொருளின் உயிர்நிலையைக் காட்டுவது. 1996-இல் தொடங்கிய கேடிஇ சார்ந்திருந்த கியூட்டி என்னும் கருவித்தொகுதியின் உரிமம் அந்நாளில் முழு விடுதலை தரவில்லை. அக்குறை நீக்கவே 1997-இல் குனோம் எழுந்தது. 2011-இல் வெளியான குனோம் 3 பழகிய பணிப்பட்டையைக் கைவிட்டபோது, உடன்படாதோர் முந்தைய மூலநிரலையே எடுத்து மாட்டே என வளர்த்தனர். மின்ட் குழுவினர் புதிய அடித்தளத்தின்மேல் பழைய அமைப்பை நிறுவிச் சின்னமனைப் படைத்தனர். ஒருவர் கைவிட்டதை மற்றொருவர் காக்கும் உரிமை உரிமத்திலேயே பொதிந்திருந்ததால், பிணக்கு பெருக்கமாயிற்று.

நினைவகம் குறைந்த கணினிக்கு எக்சுஎப்சிஇ என்னும் திரைச்சூழல் ஏற்றது. ஆயினும் சூழல் எத்துணைச் சிக்கனமாயினும் இணைய உலவி கொள்ளும் இடம் குறைவதில்லை. விண்டோசில் பழகிய கைக்குச் சின்னமனும் கேடிஇயும் அயன்மை தோன்றாமல் அமையும். வழங்கலை மாற்றுவது பெரும்பாலும் மீள நிறுவுதலாகும். சூழலை மாற்றுவதோ சில பொதிகளைச் சேர்க்கும் அளவே. டெபியனில் குனோமோடு எக்சுஎப்சிஇயையும் நிறுவி, நுழைவுத் திரையில் பெயரைச் சொடுக்கியபின் மூலையில் தோன்றும் பற்சக்கரக் குறியில் வேண்டியதைத் தேர்ந்தால் போதும். கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆகவே வழங்கலை முதலில் ஆய்ந்து தெளிக; சூழலைப் பழகித் தேர்க.

தமிழில் எழுதுவோர் உள்ளீட்டு முறையையும் நோக்குதல் வேண்டும். ஐபசு என்னும் உள்ளீட்டுக் கட்டமைப்பு குனோமின் அமைப்புகளோடு இணைந்தே வருகிறது. எக்சுஎப்சிஇயில் அதனைத் தனியே நிறுவவேண்டி வரலாம். உரிய பொதியைச் சேர்த்துத் தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தபின், ககர விசையை இருமுறை அழுத்தினால், முதல் ககரம் தானே புள்ளி பெற்று 'க்க' என நிற்கும்.