சொற்கள் உதிரும் நோய்: பள்ளிவாசல் தமிழருக்கு எந்த மொழியில் பரிசோதனை?

புதுதில்லி: மறதி நோயைக் கண்டறிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் உருவாக்கிய பன்மொழிப் பரிசோதனைத் தொகுப்பின் ஆய்வு முடிவுகள் 2020-ல் வெளியாயின. ஹிந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகள் அதில் இடம்பெற்றன. தமிழ் இடம்பெறவில்லை.

தமிழகத்தைவிட, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள பள்ளிவாசல் போன்ற ஊர்களில்தான் இந்த விடுபடலின் சுமை அதிகம். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழகத்தின் கோரிக்கையை மீறிக் கேரளத்துடன் சேர்ந்த தேவிகுளம் வட்டத்தில் இவ்வூர் உள்ளது. இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைக்கும் தமிழர்களுக்கு வீட்டில் தமிழ். அரசு அலுவலகத்தில் பெரும்பாலும் மலையாளம். பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டுமானால் கிழக்கே போடி வழியாகத் தேனி, மேற்கே அடிமாலி வழியாகக் கோட்டயம். எந்தப் பக்கம் இறங்குகிறார்கள் என்பதைப் பொருத்துப் பரிசோதனையின் மொழியும் மாறிவிடுகிறது.

மறதி அல்ல, மொழியிழப்பு: மற்ற நோய்களில் இது சிறு சிக்கலாகவே முடியும். ஆனால் மொழியையே முதலில் தாக்கும் நோய் ஒன்று உண்டு. அமெரிக்க நரம்பியல் நிபுணர் மார்செல் மெசுலம் 1982-ல் ஆறு நோயாளிகளைக் கொண்டு இதை விவரித்தார். பிரைமரி புரோகிரஸிவ் அபேஸியா, அதாவது படிப்படியாக வளரும் மொழியிழப்பு, என்று பின்னர் இது பெயர் பெற்றது. முன்னாள் பிரதமர் வாஜ்பாய்க்கு 2009-ல் நேர்ந்ததுபோல, பக்கவாதம் பேச்சைத் திடீரெனப் பாதிக்கும். இந்நோயோ ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு சொல்லாக உதிர்க்கும். தொடக்கத்தில் நினைவாற்றலும் அன்றாட வேலைத்திறனும் பெரிதும் குன்றாமல் இருப்பதால், வீட்டார் இதை முதுமையின் தடுமாற்றம் என்றே கருதிவிடுகின்றனர். பலருக்கு 65 வயதுக்கு முன்பே இது தொடங்குகிறது.

மூன்று பாதைகள்: 2011-ல் வகுக்கப்பட்ட சர்வதேச வரையறையின்படி இந்நோயில் மூன்று வகைகள் உள்ளன. முதல் வகையில், சொற்கள் தடையின்றி வரும், பொருள் மறையும். "கொழுந்து என்றால் என்ன?" என்று வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவரே கேட்கக்கூடும். நாளடைவில் பொருள்களையும் முகங்களையும் அடையாளம் காண இயலாமல் போகும், குணமும் மாறும். இரண்டாம் வகையில், பொருள் புரியும். ஆனால் நாக்கு திணறும், வாக்கியத்தில் வேற்றுமை உருபுகளும் வினைமுற்றும் விடுபடும். இறுதியில் பேச்சே நின்றுபோவதுடன், பலருக்கு உணவை விழுங்குவதும் உடலை இயக்குவதும் கடினமாகும். மூன்றாம் வகையில், தக்க சொல் கிடைக்காமல் பேச்சு நடுவே நிற்கும். நீண்ட வாக்கியத்தைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல இயலாது. இதன் அடியில் பெரும்பாலும் அல்ஸைமர் நோயே இருப்பதால், பின்னர் நினைவாற்றலும் குன்றும்.

எந்தப் பாதை என்று அறிந்தால்தான் குடும்பம் எதற்குத் தயாராக வேண்டும் என்பது தெரியும். அதை அறிய மருத்துவர் நம்பியிருப்பது மூளைப் படத்தை மட்டுமல்ல, நோயாளியின் பேச்சையும்தான். பிற்காலத்தில் கற்ற மலையாளத்தில் சோதித்தால், அறியாத சொல்லும் இழந்த சொல்லும் ஒன்றாகவே தோன்றும். நோய் இல்லாதவருக்கு நோய் எனவும், நோய் உள்ளவருக்கு மொழி தெரியவில்லை எனவும் தீர்ப்பாகிவிடலாம்.

இருமொழியும் காக்கவில்லை: ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிலையத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையிலான குழு 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களைவிட, இரு மொழி அறிந்தவர்களுக்கு மறதி நோய் சுமார் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியது. ஆனால் அக்குழுவினரின் 2017-ஆம் ஆண்டு ஆய்வில், மொழியைத் தாக்கும் வகைகளில் இந்தத் தாமதம் காணப்படவில்லை. பள்ளிவாசல் தமிழரின் இருமொழி அறிவு மற்ற மறதி நோய்களுக்கு அரணாகலாம். இந்நோய்க்கு அதை நம்ப முடியாது.

சட்டம் சொல்வது: 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. மொழியிழப்பு வகை அதில் அரிதான சிறு பகுதியே. எனினும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நரம்பியல் காரணத்தால் ஏற்படும் நிரந்தர மொழியிழப்பைப் பெயர் சொல்லியே பேச்சு, மொழிக் குறைபாட்டில் சேர்த்துள்ளது. மறதி நோய்க்கு அதன் அட்டவணையில் தனி இடம் இல்லை. ஆகவே சான்றிதழில் மருத்துவர் எழுதும் ஒரு சொல்லே உரிமைக் கோரிக்கையின் வலுவை மாற்றக்கூடும்.

நோயை நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. பேச்சுப் பயிற்சியும் படங்கள், சைகைகள் ஆகியவற்றின் துணையும் எஞ்சிய மொழியைச் சில காலம் காக்க உதவும். தன் சிகிச்சை, சொத்து, பராமரிப்பு குறித்து நோயாளி தானே சொல்லக்கூடிய காலமும் அதுதான்.

கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே கடிதம் எழுத உரிமை அளிக்கிறது. மருத்துவரின் அறைக்குள் அந்த உரிமை நுழைவதற்குத் தமிழில் தரப்படுத்திய சோதனைகளும், அவற்றை நடத்தத் தமிழ் அறிந்த பேச்சுப் பயிற்சியாளர்களும் தேவை. காலம் கடந்தால், அந்தத் தேவையை எடுத்துச் சொல்ல நோயாளியிடம் சொற்கள் மிஞ்சியிருக்காது.