மழை பெய்தும் மாடித்தோட்டச் செடி வாடுதா? இதைக் கவனிங்க!

அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை பெய்தும் தொட்டியில் தக்காளி, மிளகாய்ச் செடி வாடினால், உடனே தண்ணீர் ஊத்தாதீங்க. நீர் தேங்கினால் வேருக்குக் காற்று கிடைக்காது. வேர் அழுகி, இலை தொங்கிடும். அடித்துளை அடைச்சிருக்கா பாருங்க. தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைங்க.

கோரைப்புல்: மேலே பிடுங்கினால் போதாது, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கும். கிழங்கோடு தோண்டி எடுக்கணும்.

மாவுப்பூச்சி: செடியில் எறும்பு வரிசையா ஏறினால் உஷார். இந்தப் பூச்சி சுரக்கும் இனிப்புத் திரவத்துக்காகத்தான் எறும்பு வருது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, மழை இல்லாத மாலையில் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிங்க. அன்றிரவே மழை கொட்டினால், மருந்து கழுவிப் போயிருக்கும்; மறுபடி தெளிக்கணும்.