ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் சம்பளம்

சில்லறை வேலைகளை முடிக்க வழி சொல்கிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒன்றையேதான் சொல்கிறார்கள். சீக்கிரம் எழுந்திருங்கள், பட்டியல் போடுங்கள், ஆபீஸ் போகிற வழியிலேயே வங்கிக்கும் ஒரு எட்டு போய்விடுங்கள். காலை பத்து மணிக்கு வேலைக்குப் போய் மாலை ஆறுக்குத் திரும்புகிறவருக்கான யோசனை இது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளை நம்பி வாழும் மண்ணூரில் இது செல்லுபடியாகாது. காலை ஆறு மணிக்கு ஏ ஷிப்ட் என்றால், கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க விடியுமுன்பே தெருமுனையில் நிற்க வேண்டும். மதியம் இரண்டுக்கு ஷிப்ட் முடிந்து வீடு வந்து சேரும்போது வங்கிக் கவுன்ட்டர் மூடும் நேரம் நெருங்கியிருக்கும். ஜெனரல் ஷிப்ட்காரருக்கு வாரநாளில் எந்த அலுவலகமும் திறந்திருந்து பார்க்கக் கிடைக்காது. நைட் ஷிப்ட்காரர் போகலாம்தான், தூக்கத்தை விற்றுவிட்டு. மிஞ்சுவது மதியம் தொடங்கும் பி ஷிப்ட் வாரத்தின் முற்பகல் மட்டும். அதிலும் பன்னிரண்டரைக்கெல்லாம் பஸ் வந்துவிடும்.

ஆகவே இங்கே ஒரு சின்ன வேலைக்கான விலை லீவில்தான் கணக்காகிறது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு லீவு என்றால் அன்றைய சம்பளம் இல்லை. மாதம் முழுக்க வந்தால் தனித்தொகை கொடுக்கும் ஆலைகளில் அந்தத் தொகையும் சேர்ந்து போகும். ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்கலாமே என்றால், கம்பெனி பஸ் அந்த ஒரு மணி நேரத்துக்காகத் தனியாக ஓடாது. சோம்பலோ திட்டமிடத் தெரியாததோ இதற்குக் காரணமில்லை. அலுவலகத்தின் நேரமும் ஆலையின் நேரமும் மோதுகின்றன. அந்த மோதலின் செலவு முழுவதையும் தொழிலாளியே சுமக்கிறார் என்பதுதான் என் வாதம்.

எல்லாம்தான் போனுக்குள் வந்துவிட்டதே என்பார்கள். பெருமளவு உண்மை. கரன்ட் பில், சிலிண்டர் பதிவு, பி.எஃப். விண்ணப்பம் எல்லாம் உட்கார்ந்த இடத்தில் முடிகின்றன. பத்தாண்டுக்கு முன் இவற்றுக்கே எத்தனையோ லீவு போயிருக்கும். ஆனால் மிச்சம் இருப்பவை விரலையும் ஆளையும் நேரில் கேட்கிற வேலைகள். குழந்தைக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாருக்குக் கைரேகை பதிய வேண்டும். ரேஷன் கடையில் குடும்பத்தில் ஒருவர் விரல் வைக்க வேண்டும். அடகு வைத்த நகையை எந்தச் செயலியும் மீட்டுத் தராது. நகைக் கடன் இங்கே நல்ல சாட்சி. வங்கியில் வட்டி குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பலர் தனியார் அடகுக் கடைக்குப் போகிறார்கள் என்றால், அது சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருப்பது ஒரு முக்கியக் காரணம். கூடுதல் வட்டியின் ஒரு பகுதி, திறந்திருக்கும் நேரத்துக்குக் கொடுக்கிற கூலி.

அலுவலக நேரம் கல்லில் செதுக்கியதும் அல்ல. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அந்த இரண்டு ஞாயிறும் கடை உண்டு. அதோடு, 2020 அக்டோபர் 1 முதல் மாநிலத்தின் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம் என்றானது. திருவண்ணாமலையிலோ விழுப்புரத்திலோ அட்டை வைத்துக்கொண்டு இங்கே வாடகைக்கு இருப்பவர் அரிசிக்காக ஊருக்குப் போக வேண்டியதில்லை. வங்கிகளுக்கோ 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனி விடுமுறை. முதல் சனி வேலை நாள். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: மாதத்தின் முதல் சனியில் வங்கி உண்டு, அதற்கு மறுநாள் ஞாயிறில் ரேஷன் கடை உண்டு. தேதி எப்படி விழுந்தாலும் அந்த ஞாயிறு மாதத்தின் முதலாவதாகவோ இரண்டாவதாகவோதான் இருக்கும். வார விடுமுறையை மாற்றிக்கொள்ள முடிந்தவர்கள் இந்த இரண்டு நாளில் ஒன்றைப் பிடிப்பது புத்திசாலித்தனம். ஆளை நேரில் கேட்கிற மற்ற வேலைகளைப் பி ஷிப்ட் வாரத்துக்குத் தள்ளுங்கள். அசலும் நகலும் ஒரே உறையில் தயாராக இருக்கட்டும். இங்கே ஒரு நகல் குறைந்தால் இன்னொரு லீவு போகும்.

ரேஷன் கடைபோல மற்ற அலுவலகங்களும் ஞாயிறு திறக்கட்டும் என்றால், அரசு ஊழியர்களும் மனிதர்கள்தானே, அவர்களின் ஞாயிறு ஏன் போக வேண்டும் என்ற கேள்வி வரும்; அது நியாயமானது. கூடுதலாக ஒரு நாள் வேலை வாங்கினால் அது அநியாயம்தான். கேட்பது நாளைக் கூட்டச் சொல்லி அல்ல, மாற்றச் சொல்லி. ரேஷன் கடை ஊழியருக்கு வெள்ளிக்கிழமை ஈடாகக் கிடைப்பதுபோல, தாலுகா அலுவலகத்தின் ஒரு கவுன்ட்டரும் இ-சேவை மையமும் ஆதார் மையமும் மாதம் இரண்டு ஞாயிறு திறந்து, வாரநாளில் மூடட்டும். மாநிலம் முழுக்க வேண்டாம். ஷிப்ட் சங்கு ஊதும் ஊர்களில் மட்டும் போதும். ஆலைகளுக்கும் இதில் பங்குண்டு. கேன்டீன் நடத்த இடம் இருக்கிற வளாகத்தில், மாதம் ஒருநாள் வங்கிக்காரரும் ஆதார் கருவியும் உட்கார ஒரு மேசை போட முடியாதா? தொழிலாளி ஒரு நாள் வராமல் போனால் ஆலைக்கும் உற்பத்தி நஷ்டம்தான்.

இதைக் கேட்க ஒரு மேடை ஏற்கெனவே இருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாளும் தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாட்கள். 1958-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை உள்ள நாட்களும் அவைதான். கிராம சபையில் உறுப்பினராக அந்த ஊரில் வாக்கு இருக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர்கள் பலரின் பெயர் சொந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறது. மண்ணூரில் வாக்குள்ளவர்கள் அடுத்த கிராம சபையில், பக்கத்து வீட்டு வாடகைக்காரருக்கும் சேர்த்து, ஞாயிறு கவுன்ட்டர் கேட்டு ஒரு தீர்மானம் போடுங்கள்.