விமானத்தின் வயதை எண்ணுவது எப்படி?

பம்மல், பொழிச்சலூர் வீடுகளின் மொட்டை மாடிக்கு மேலே மீனம்பாக்கம் விமானங்கள் போய்க்கொண்டே இருக்கும். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல் விமானப் பயிற்றுநர்களுக்கான பள்ளி நடக்கிறது. அங்கே சின்ன விமானங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும். இவற்றில் எது பழைய விமானம் என்று கேட்டால், வாங்கிய வருடத்தைச் சொல்வது பாதிப் பதில்தான். எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதே மீதிப் பதில்.

கட்டடவேலைக்காரர் கட்டுக்கம்பியை அறுக்காமல் முன்னும் பின்னும் வளைத்தே துண்டாக்குவார். ஒரே இழுப்பில் அறுபடாத கம்பி, திரும்பத் திரும்ப வளைத்தால் விட்டுவிடுகிறது. இதுதான் உலோகச் சோர்வு. விமானத்தில் அந்த வளைவு கண்ணுக்குத் தெரியாது. உயரே போகும்போது உள்ளே காற்றழுத்தத்தைக் கூட்டி வைப்பதால் உடற்கூடு லேசாக உப்புகிறது, இறங்கியதும் சுருங்குகிறது. ரிவெட் துளையின் ஓரத்தில் நுண்ணிய விரிசல் பிறந்து, ஒவ்வொரு பயணத்திலும் துளியாக நீள்கிறது.

எஃகில் பல வகைகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு: குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுமை இருந்தால் எத்தனை தடவை வந்தாலும் தாங்கிவிடும். அலுமினியக் கலவைகளுக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சுமை சிறியது என்றால் காலம் நீளும், அவ்வளவுதான்.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த விமானத்துக்கு வயது 19 தான். ஆனால் தீவுக்குத் தீவு குட்டிப் பயணமாகப் போய் 89,680 முறை பறந்திருந்தது. உப்புக்காற்றின் அரிப்பும் அதில் சேர்ந்துகொண்டது. கடலோரத்தில் இருக்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

விரிசல் எப்படி நகர்கிறது என்று ஆராய்ந்தவர்களில் நமக்குப் பக்கத்தில் படித்தவர் சுப்ரா சுரேஷ். தமிழ்நாட்டில் 15 வயதில் பள்ளியை முடித்து, 1977-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். 1981-ல் எம்.ஐ.டி.யில் முனைவரானார் (குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல, அமெரிக்காவில் இருப்பது).

ஒரு தடவை சுமை வந்து போவதற்கு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட நகராத விரிசல்கள்தான் அவர் எடுத்துக்கொண்ட விஷயம். ஒரு வகை எஃகில், ஈரக்காற்றில் விரிசலுக்குள் படியும் துரு, வாயை முழுதாக மூடவிடாமல் ஆப்பு போல நின்று வளர்ச்சியைத் தாமதப்படுத்துவதை அவரும் உடன் ஆய்வாளர்களும் காட்டினார்கள். துருவும் உதவும் என்பது விசித்திரம்தான். இதைக் கேட்டு மாடிக் கைப்பிடிக்குப் பெயின்ட் அடிப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

1984-ல் உடன் ஆய்வாளர்கள் வசுதேவன், ப்ரெட்ஸ் ஆகியோருடன் விமானங்களில் புழங்கும் 7075 என்ற வலுமிகு அலுமினியக் கலவையை ஆராய்ந்தார். 7075 கலவையில் துத்தநாகம், மெக்னீசியம், செம்பு சேர்ந்திருக்கும். மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்தால் உள்ளே நுண்துகள்கள் உருவாகி அது உறுதிப்படும். சூட்டில் குறைவாக வைத்த கலவையில் விரிசல் கோணல்மாணலாகப் போகிறது. முரடான இரு முகங்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால் மெதுவாகவே வளர்கிறது. அதிகம் வைத்ததில் நேராக ஓடுகிறது. அப்படியானால் குறைத்தே வைக்கலாமே என்றால், அதிகம் வைத்த கலவைதான் அரிப்பால் வரும் விரிசலை நன்றாகத் தாங்குகிறது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும். பொறியாளர் எந்த ஆபத்து பெரியது என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்.

சூடு வலுவை மாற்றிவிடும் என்பது நம் கையில் இருக்கும் அலுமினியத்துக்கும் பொருந்தும். ஜி.எஸ்.டி. சாலைக் குழியில் இறங்கி அலாய் வீலில் விரிசல் விட்டால், வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்பார்கள். பற்றவைக்கும் சூடு, பக்கத்து உலோகம் பதமான சூட்டில் பெற்ற வலுவைக் கெடுத்துவிடும். புதிய விரிசல் அங்கேயே தொடங்கலாம். செலவு பார்க்காமல் வீலை மாற்றிவிடுங்கள்.