படிக்கும் பிள்ளைகளுக்குக் கரிசல் காட்டு உணவு

வீரபாண்டிய கட்டபொம்மன் 1799-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட ஊர் என்பதால் கயத்தாறு நாடறிந்த ஊராயிற்று. அதைச் சூழ்ந்த கரிசல் சீமை, வடகிழக்குப் பருவ மழையை நம்பி வாழும் மானாவாரிச் சீமை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் கம்பும் தை, மாசியில் வீடு வந்து சேருகின்றன. பங்குனியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுத் தேர்வுகள் வருகின்றன. களஞ்சியம் நிறைந்திருக்கும் காலமும் பிள்ளைகளின் மூளை மிகுதியாக உழைக்கும் காலமும் இவ்வாறு ஒன்றையொன்று அடுத்து வருவது நமக்கு வாய்த்த நற்பேறு எனலாம். ஆயினும் அந்தப் பேற்றை நாம் முழுமையாகப் பயன்படுத்திக் கொள்கிறோமா என்பதை ஒவ்வொரு பெற்றோரும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மூளையின் பசி

நம் உடல் எடையில் மூளையின் பங்கு நூற்றுக்கு 2 அளவுதான். ஆனால் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக் கொள்கிறது. வளரும் குழந்தைகளுக்கு இப்பங்கு இன்னும் அதிகம். மூளைக்கு வேண்டிய எரிபொருள் குளுக்கோஸ் என்னும் சர்க்கரைச் சத்து. அதை மூளை பெருமளவில் சேமித்து வைத்துக் கொள்ள இயலாது. இரத்தத்தின் வழியே ஓயாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு உண்டுவிட்டு, காலையில் ஒரு தம்ளர் தேநீருடன் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, முற்பகல் பாடங்களில் கருத்தூன்ற முடியாமல் தவிப்பது இதனாலேயே. அதைச் சோம்பல் என்றோ மந்தபுத்தி என்றோ கொள்வது பெருந்தவறு.

இந்த உண்மையை நம் நாடு பட்டறிவால் உணர்ந்திருக்கிறது. 1920-ஆம் ஆண்டிலேயே சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தொடங்கியது. முதலமைச்சர் காமராசர், கயத்தாற்றுக்கு வடகிழக்கேயுள்ள எட்டயபுரத்தில் 1956-ஆம் ஆண்டு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1982-இல் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பின்னர் முட்டையும் அதில் சேர்ந்தது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை பயிலும் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டத்தை மதுரையில் தொடங்கி வைத்தார்; அடுத்த ஆண்டு அது மாநிலமெங்கும் பரவியது.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைக்குக் காலை உணவு தரும் பொறுப்பு வீட்டினுடையது என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். உயர்நிலைப் பள்ளிக்கு வெகு தொலைவு பஸ்ஸில் செல்லும் பிள்ளைகளே பெரும்பாலும் வெறும் வயிற்றுடன் புறப்படுகிறார்கள். கூடுதலாகப் படிக்கவேண்டிய வயதில் குறைவாக உண்கிறார்கள்.

இரத்தமும் கவனமும்

எரிபொருள் மட்டும் போதாது. அதை எரிக்கப் பிராணவாயு வேண்டும். பிராணவாயுவைச் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள இரும்புச் சத்து. இது குறைந்தால் களைப்பும் கவனக் குறைவும் உண்டாகும். 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரத்த சோகை உடையவர்கள். படிக்கும் பெண் குழந்தைகளைப் பெற்றோர் தனிக் கவனத்துடன் பேணவேண்டியதன் காரணம் இதுவே. எல்லோரும் உண்டபின் எஞ்சியதை மகளுக்கு வைக்கும் வழக்கம் எங்கேனும் இருக்குமாயின் அது ஒழியவேண்டும்.

இதற்குத் துணை செய்யும் தானியம் நம் காட்டிலேயே விளைகிறது. நூறு கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச் சத்து உண்டு. அதே அளவு தீட்டிய அரிசியிலோ ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கம்பிலுள்ள இரும்பு முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பது உண்மையே. எனினும் கூழை இரவு புளிக்க வைப்பதாலும், பயற்றை முளை கட்டுவதாலும் அது சேரும் அளவு கூடுகிறது. உணவுடன் நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்தால் இன்னும் நல்லது. உணவோடு தேநீர் அருந்தினால் இரும்பு சேர்வது தடைப்படும். ஒரு மணி நேரமாவது கழித்து அருந்தலாம். கம்பு மாவு விரைவில் காறிப்போகும் இயல்புடையது. ஆதலால் சில நாள் தேவைக்கு மட்டும் அரைத்துக் கொள்ளவேண்டும்.

விற்பதும் உண்பதும்

உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை ஆகியவை மூளைக்கும் தசைக்கும் வேண்டிய புரதத்தை அளிப்பவை. நிலக்கடலையின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதமே. 2020-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த பண்டம். மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு ஒரு துண்டு போதும். பூஞ்சை பிடித்த கடலையை மட்டும் ஒருபோதும் உண்ணலாகாது. அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு.

விளைந்த உளுந்து முழுவதையும் களத்து மேட்டிலேயே விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் நினைவாற்றலைப் பெருக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் மாவுப் புட்டிகளை வாங்குவோர் நம்மிடையே உள்ளனர். கடன் நெருக்குவதால் விற்கும் உழவரை நாம் குறை கூறவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கென மூட்டையில் நாலு மரக்காலை ஒதுக்கி வைப்பது எந்தப் புட்டியை விடவும் பயன் தரும். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டும் உளுந்தங்களி நம் பாட்டிமார் அறிந்த ஊட்ட உணவன்றோ?

வல்லாரையைப் பற்றியும் பலர் வினவுகின்றனர். அது நல்ல கீரை, கிடைக்கும்போது உண்ணலாம். ஆனால் ஒரு கீரையால் மட்டும் நினைவாற்றல் பெருகிவிடாது. வேலியோரத்து முருங்கைக்கீரையை வாரம் மூன்று முறை சமைப்பதே மேலானது. முட்டை புரதத்தையும், நினைவுக்குத் துணை செய்யும் கோலின் என்னும் சத்தையும் தருகிறது. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வரும் சாளை மீனிலுள்ள கொழுப்பு மூளையின் அமைப்புக்கு வேண்டியது. மரக்கறி உண்போர் பால், தயிர், மோரைத் தவிர்க்கலாகாது.

உப்பையும் மறக்கலாகாது. அயோடின் குறைந்தால் குழந்தையின் அறிவு வளர்ச்சியே குன்றும். உப்பளங்கள் அருகிலிருப்பதால் அயோடின் சேராத உப்பை வாங்கும் பழக்கம் இருப்பின் அதை விட்டு, அயோடின் கலந்த உப்பை வாங்கி மூடி வைத்துப் பயன்படுத்த வேண்டும்.

நாம் செய்யவேண்டியவை

காலையில் கம்மங்கூழும் மோரும், அல்லது இட்லியும் பருப்புச் சாம்பாரும். பகலில் சோறு, பருப்பு, கீரை. மாலையில் சுண்டல் அல்லது கடலை. இரவில் எளிய உணவு. இடையிடையே போதிய தண்ணீர். இவையே படிக்கும் பிள்ளைக்குப் போதுமானவை. பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையையும் இரும்புச் சத்து மாத்திரையையும் மறுக்காமல் உண்ணச் செய்யவேண்டும். படித்தது மனத்தில் பதிவது உறக்கத்திலேயே ஆதலால், தேர்வுக்கு முந்திய இரவு கண்விழிக்க விடலாகாது. உணவு படிப்புக்கு மாற்றாகாது. ஆனால் பசித்த பிள்ளையிடம் படிப்பு தங்காது. நம் காட்டில் விளைவதில் முதற்பங்கு நம் பிள்ளைகளின் தட்டுக்கே என்று இந்தத் தை அறுவடை முதல் ஒவ்வொரு குடும்பமும் உறுதி கொள்ளுமாக.