சர்க்கரை இல்லாத தேநீர்

வாங்க மறுத்தவர்கள் – 6

1791 ஏப்ரலில் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றது. ஆப்பிரிக்காவில் மனிதர்களைப் பிடித்துக் கப்பலேற்றி விற்கும் வியாபாரத்தை நிறுத்த வேண்டும் என்பதுதான் தீர்மானம். ஆதரித்தவர்கள் 88 பேர், எதிர்த்தவர்கள் 163 பேர். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தவர்களும், அவர்களுக்குக் கடன் கொடுத்தவர்களும், லிவர்பூல் கப்பல்காரர்களின் நண்பர்களும் அந்த அவைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே இருந்த ஆண்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு கிடையாது. பெண்களுக்கோ அறவே கிடையாது.

அந்த ஆண்டே லண்டனில் ஹோல்பர்ன் பகுதியைச் சேர்ந்த வில்லியம் ஃபாக்ஸ் ஒரு சிறு பிரசுரம் எழுதினார். அதை விற்றவர் அதே பகுதியில் புத்தகக் கடை வைத்திருந்த மார்த்தா கர்னி என்ற பெண்மணி. பிரசுரம் கேட்டது ஒன்றுதான்: மேற்கிந்தியச் சர்க்கரையையும் ரம்மையும் வாங்குவதை நிறுத்துங்கள். அடிமை வியாபாரி, தோட்ட முதலாளி, சவுக்கோடு நிற்கும் கங்காணி எல்லாரும் யாருக்காக வேலை பார்க்கிறார்கள்? வாங்குபவருக்காக. ஆகவே முதல் குற்றவாளி வாங்குபவரே என்பது ஃபாக்ஸின் வாதம். அதோடு ஒரு கணக்கும் கொடுத்தார். வாரம் 5 பவுண்டு சர்க்கரை செலவழிக்கும் ஒரு குடும்பம், அதற்கேற்ற ரம்மையும் சேர்த்து, 21 மாதம் நிறுத்தினால் ஒரு மனிதர் அடிமையாவதையோ கொல்லப்படுவதையோ தடுக்கலாம். எட்டுக் குடும்பங்கள் பத்தொன்பதரை ஆண்டு நிறுத்தினால் நூறு பேரைத் தடுக்கலாம். காகிதத்தில் போட்டுப் பார்த்தால் 89 தான் வருகிறது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பிரசுரம் பதிப்புக்குமேல் பதிப்பாக, இருபத்தைந்தையும் தாண்டி ஓடியது.

ஏன் சர்க்கரை? 1700-ல் பிரிட்டனில் ஆளுக்கு ஆண்டுக்கு 4 பவுண்டு சர்க்கரை செலவானது. 1800-ல் அது 18 பவுண்டு. பணக்காரர் மேஜையில் இருந்த பண்டம் நூறு ஆண்டில் கூலிக்காரர் கோப்பைக்கும் வந்துவிட்டது. தேநீரும் சர்க்கரையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. ஜமைக்காவிலும் பார்படோஸிலும் நடந்தது அந்தக் கோப்பையில் தெரியாது. வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெட்டிய கரும்பு காத்திருக்காது. உடனே ஆட்டியாக வேண்டும், சாறு புளிப்பதற்குள் கொப்பரையில் ஏற்றியாக வேண்டும். அதனால் அறுவடைக் காலத்தில் அந்தத் தீவுகளின் ஆலைகள் இரவும் பகலும் ஓடின. தூக்கக் கலக்கத்தில் கரும்பு ஊட்டுபவரின் விரல் உருளைக்குள் போனால், கை முழுவதும் இழுபடுவதற்குள் வெட்டிவிட ஆலைப் பக்கத்திலேயே ஒரு கோடரி வைத்திருப்பார்கள். தோட்டங்களில் பிறந்தவர்களைவிடச் செத்தவர்கள் அதிகம். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கப்பல் கப்பலாக ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஃபாக்ஸின் கணக்குக்கு ஆதாரமே இந்தச் சாவுதான்.

இதைத் தனியாளாகச் செய்து பார்த்த ஒருவர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார். பெஞ்சமின் லே. கூன் முதுகும் குள்ள உருவமும் கொண்டவர், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். பார்படோஸில் கொஞ்ச காலம் கடை வைத்திருந்தபோது அடிமைகளின் பட்டினியை நேரில் பார்த்தவர். பிறகு பிலடெல்பியா அருகே அபிங்டனில் ஒரு குகை வீட்டில் குடியிருந்தார். தன் துணியைத் தானே நெய்துகொண்டார், காய்கறி தின்றார், அடிமை உழைப்பில் விளைந்த எதையும் தொட மறுத்தார். 1738-ல் பர்லிங்டனில் நடந்த குவேக்கர் கூட்டத்துக்குப் புத்தகத்தின் உள்ளே சிவப்புப் பழச்சாற்றுப் பையை மறைத்து எடுத்துப் போனார். வாளால் அதைக் குத்தி, அடிமை வைத்திருந்தவர்கள் மேல் ‘ரத்தம்’ தெறிக்க வைத்தார். 1742-ல் பிலடெல்பியா சந்தையில் தேநீர்க் கோப்பைகளை ஒவ்வொன்றாக உடைக்கத் தொடங்கினார். கூட்டம் அவரைத் தூக்கி ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த கோப்பைகளை அள்ளிக்கொண்டு போனது. பிரச்சாரத்துக்குப் பதில் பீங்கான் கிடைத்ததில் ஜனங்களுக்கு லாபம்.

லேயைப் பைத்தியம் என்று சபையிலிருந்து விலக்கினார்கள். 1758-ல், அவர் சாவதற்கு முந்தைய ஆண்டில், அடிமை வியாபாரம் செய்பவர்கள்மேல் நடவடிக்கை எடுப்பது என்று அதே பிலடெல்பியா குவேக்கர்கள் முடிவெடுத்தார்கள். குகைக்குச் செய்தி வந்தபோது கிழவர் மகிழ்ந்தார். ஆனாலும் அவருடைய வழி யாரும் பின்பற்றக்கூடிய வழியாக இல்லை. யாரால் குகையில் குடியிருக்க முடியும்?

1791-ல் நடந்தது வேறு மாதிரி. சர்க்கரை மட்டும் வேண்டாம் என்பது எந்த வீட்டிலும் செய்யக்கூடிய காரியம். அதைத் தீர்மானிக்கும் இடம் அடுக்களை. நாடாளுமன்றத்துக்குள் நுழைய முடியாதவர்கள் ஆட்சி செய்த இடம். நாடெங்கும் சுற்றி ஆதாரம் திரட்டிய தாமஸ் கிளார்க்சன், தான் போன ஊர்களில் சர்க்கரையை விட்டவர் ஒருவராவது இல்லாத ஊரே இல்லை என்று எழுதினார். பெரிய ஊர்களில் இருநூறிலிருந்து ஐந்நூறு பேர். மொத்தம் மூன்று லட்சம் இருக்கும் என்பது அவருடைய மதிப்பீடு. இயக்கத்தில் ஊறியவரின் மதிப்பீடு என்பதால் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளலாம். பாதியாக்கினாலும் சின்னத் தொகையில்லை.

மளிகைக்கடைக்காரர்கள்கூட விட்டார்கள். சஃபக் மாவட்டத்தின் ஹேவர்ஹில் என்ற சிற்றூரில் கடை வைத்திருந்த ஜேம்ஸ் ரைட், கறைபடாத வழியில் சர்க்கரை கிடைக்கும்வரை தான் அதை விற்பதில்லை என்று 1792-ல் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். வியாபாரம் பெருக விளம்பரம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறோம், குறைய விளம்பரம் கொடுத்தவர் இவர்.

கேலி பேசாமல் இருப்பார்களா? 1792 மார்ச்சில் ஜேம்ஸ் கில்ரே ஒரு கேலிச்சித்திரம் போட்டார். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் சர்க்கரை இல்லாத தேநீரை ரசித்துக் குடிப்பதாகப் பாவனை செய்கிறார். ராணி ஷார்லட் இளவரசிகளுக்கு அதைப் பரிந்துரைக்கிறார், அப்பாவுக்கு எவ்வளவு செலவு மிச்சம் பாருங்கள் என்று. இளவரசிகள் முகம் சுளிக்கிறார்கள். கில்ரே தொட்ட இடம் சரியான இடம். தியாகம் எங்கே முடிகிறது, சிக்கனமும் நாகரிகமும் எங்கே தொடங்குகின்றன என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சங்கிலி பூட்டி மண்டியிட்ட அடிமையின் உருவத்தைப் பீங்கான் உற்பத்தியாளர் வெட்ஜ்வுட் பதக்கமாகச் செய்தபோது, பெண்கள் அதை வளையலில் பதித்தார்கள், கொண்டை ஊசியில் செருகினார்கள். போலித்தனம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஊர் முழுக்க ஒரு விஷயம் பேச்சாக வேண்டுமென்றால் அது நாகரிகமாகவும் ஆகித்தான் தீரும்.

சரி, இந்த மறுப்பால் தோட்ட முதலாளிகள் நொடித்துப் போனார்களா? இல்லை. அந்த நேரத்தில் சர்க்கரை விலை ஏறித்தான் இருந்தது. காரணம் வேறு. 1791 ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்களின் சான் டொமிங்கில், உலகிலேயே அதிகம் சர்க்கரை அனுப்பிய அந்தக் காலனியில், அடிமைகள் எழுந்து தோட்டங்களுக்குத் தீ வைத்தார்கள். இன்றைய ஹைட்டி அதுதான். விலையேற்றத்தால் விட்டவர் யார், மனசாட்சியால் விட்டவர் யார் என்று இனி யாரும் பிரிக்க முடியாது.

எனவே சர்க்கரை மறுப்பின் பலனைச் சர்க்கரை மூட்டையில் தேடுவது வீண். அதைத் தேட வேண்டிய இடம் மனுக்கள். 1792-ல் அடிமை வியாபாரத்துக்கு எதிராக நாடாளுமன்றத்துக்கு 519 மனுக்கள் வந்தன, ஏறக்குறைய நான்கு லட்சம் கையெழுத்துகளோடு. விருந்துக்குப் போன இடத்தில் சர்க்கரைக் கிண்ணம் வரும்போது கையை மறித்தால், ஏன் என்று எதிரே இருப்பவர் கேட்பார். பதில் சொல்ல வேண்டும். சொன்னவரும் கேட்டவரும் பிறகு மனுவில் கையெழுத்து வைக்கும்போது ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்துகொள்வார்கள். முந்தைய ஆண்டு 88 ஓட்டு விழுந்த அதே அவையில் இப்போது, வியாபாரத்தைப் ‘படிப்படியாக’ நிறுத்தலாம் என்ற தீர்மானம் 230-க்கு 85 என்று நிறைவேறியது. மேலவை அதைக் கிடப்பில் போட்டது வேறு கதை. அடுத்த ஆண்டு பிரான்சோடு போர் மூண்டது. ஜனங்கள் கூடிப் பேசினாலே புரட்சிக்காரர் என்று முத்திரை விழுந்தது, கிண்ணங்களுக்குச் சர்க்கரை திரும்பியது. வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் வர 1807 ஆனது. அடிமைமுறை அப்படியே இருந்தது.

இரண்டாவது அலை 1820-களில் வந்தது. இம்முறை பெண்கள் வெளிப்படையாகவே முன்னால் நின்றார்கள். லெஸ்டர் நகரத்து எலிசபெத் ஹெய்ரிக் 1824-ல் பெயர் போடாமல் ஒரு பிரசுரம் வெளியிட்டார். படிப்படியாக அல்ல, உடனே விடுதலை வேண்டும் என்றார். சர்க்கரையை விடச் சொல்லி, தோழி சுசன்னா வாட்ஸுடன் வீடு வீடாக ஏறி இறங்கினார். பெண்கள் இப்படிக் கதவு தட்டித் திரிவது வில்பர்ஃபோர்ஸுக்குப் பிடிக்கவில்லை. மகான்களுக்கும் சங்கடங்கள் உண்டு. 1833-க்குள் அடிமைமுறையை எதிர்த்து எழுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் சங்கங்கள் கிளம்பின. ‘படிப்படியாக’ என்ற பேச்சை 1830-ல் அடிமை ஒழிப்புத் தலைமைச் சங்கம் கைவிட்டதற்கு, நன்கொடையை நிறுத்திவிடுவோம் என்று பர்மிங்காம் பெண்கள் மிரட்டியதும் ஒரு காரணம். 1833-ல் 1,87,000 பெண்களின் கையெழுத்துகளோடு வந்த மனுச் சுருளை அவைக்குள் தூக்கிக்கொண்டு வர நான்கு உறுப்பினர்கள் தேவைப்பட்டார்கள். தேநீர் குடித்தவர்கள்தான் அடிமைத்தளையை உடைத்தார்கள் என்று இதைப் படித்துவிட்டு யாரும் சொல்லிவிடக் கூடாது. 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் தலைமையில் ஆயிரமாயிரம் அடிமைகள் வேலைக்குப் போக மறுத்து எழுந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் தூக்கிலிடப்பட்டார்கள், ஷார்ப்பும்தான். அந்தப் பயம் இல்லாமல் 1833-ன் அடிமை ஒழிப்புச் சட்டம் வந்திருக்காது.

இனி நமக்கு நெருக்கமான இடம். சர்க்கரையே வேண்டாம் என்பது எல்லாராலும் முடியவில்லை. மாற்றுச் சர்க்கரை கேட்டார்கள். அது கிழக்கிந்தியாவிலிருந்து, பெரும்பாலும் வங்காளத்திலிருந்து வந்தது. இது அடிமைகள் செய்யாத கிழக்கிந்தியச் சர்க்கரை என்று எழுதிய பீங்கான் கிண்ணங்கள் கடையில் விற்றன. ஆறு குடும்பங்கள் மாறினால் ஓர் அடிமை குறைவார் என்ற கணக்கும் அதிலேயே. இந்தப் பிரச்சாரத்தில் முன்னால் நின்ற லிவர்பூல் வணிகர் ஜேம்ஸ் க்ராப்பர் கிழக்கிந்தியச் சர்க்கரையை இறக்குமதி செய்தவர். அவர் உண்மையான குவேக்கர்தான். லாபமும் உண்மைதான்.

கிண்ணத்தில் எழுதியிருந்ததை யார் சரிபார்த்தார்கள்? யாருமில்லை. அப்போது கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட இந்தியாவில் அடிமைகள் இருந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் நிலத்தோடு சேர்த்து ஆட்களும் கைமாறினார்கள். 1833-ன் அடிமை ஒழிப்புச் சட்டமே கம்பெனியின் நிலப்பகுதிகளையும் இலங்கையையும் பெயர் சொல்லி விலக்கி வைத்தது. இங்கே அடிமைமுறையை நீதிமன்றங்கள் அங்கீகரிக்கக் கூடாது என்ற சட்டம் வந்தது 1843-ல். லெஸ்டர் நகரத்துப் பெண்மணி நல்ல மனதோடுதான் அந்தக் கிண்ணத்தை வாங்கினார். ஆனால் ஒரு முத்திரையை நம்பி வாங்கும்போது, அதை ஒட்டியவரின் நியாயத்தையும் சேர்த்தே வாங்குகிறோம்.

1833-ல் சட்டம் வந்தபோது நஷ்டஈடு இரண்டு கோடி பவுண்டு கொடுத்தார்கள், அடிமைகளுக்கல்ல, முதலாளிகளுக்கு. அதற்காக வாங்கிய கடன் 2015-ல்தான் தீர்ந்தது. விடுதலைக்குப் பிறகும் தோட்டங்களுக்குக் கை தேவைப்பட்டது. 1834-லிருந்து மொரீஷியஸுக்கு மட்டும் சுமார் நாலரை லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள், நம்மவர்களும் அதில் அடக்கம். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனில் வந்து நின்றது. ஐந்தாண்டு ஒப்பந்தம், முதல் ஆண்டு மாதம் பத்து ஷில்லிங், கரும்புத் தோட்டம். ஃபிஜியில் அதே கரும்புக்கிடையே நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடிய கதை உங்களுக்குத் தெரியும்.

இதற்கிடையே 1846-ல் பிரிட்டன் சர்க்கரை வரியைத் திருத்தியது. கியூபாவிலும் பிரேசிலிலும் அடிமைகள் விளைவித்த சர்க்கரைக்கு இருந்த கூடுதல் வரியைப் படிப்படியாக நீக்கி, மற்றச் சர்க்கரையோடு சமமாக்கியது. சர்க்கரை மலிந்தது. இம்முறை கிண்ணங்களில் யாரும் எதையும் எழுதவில்லை. ஐம்பது ஆண்டுக்கு முன் தேநீர் மேஜையில் கையை மறித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த மலிவுச் சர்க்கரையை வாங்கிக் கலக்கினார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. மறுப்பதற்கு அவர்களிடம் சங்கம் இல்லை, மனு இல்லை, கதவு தட்டுகிறவர் இல்லை. கடையில் தனியாக நின்றவருக்கு விலை மட்டும்தான் தெரிந்தது.

அடுத்த வாரம் திண்டுக்கல்லுக்கு வருவோம். தலித் பெண்கள் வழிநடத்தும் ஒரு தொழிற்சங்கமும் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனமும் 2022-ல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அந்த ஒப்பந்தத்துக்குள் வெளிநாட்டு பிராண்டுகளும் இழுத்துவரப்பட்டன. அதில் அங்கே சட்டை வாங்கியவர்களின் பங்கு எவ்வளவு, இங்கே தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவர்களின் பங்கு எவ்வளவு என்று பார்க்கலாம்.

(தொடரும்)